மூன்றாம் அரங்கின் கடைசிப் பாட்டு

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நானும் அப்பாவும் சுகம். அம்மாவும் சுகம்தான், அவளுடைய இடது முழங்கால் மட்டும் எங்களோடு சேராமல் தனியாக முனகிக்கொண்டிருக்கிறது. உன் உடம்பு எப்படி இருக்கிறது? அந்த ஊர்க் குளிர் கொஞ்சமாவது இறங்கியதா?

போன ஞாயிற்றுக்கிழமையும் அம்மா உனக்குப் போன் போட்டாள். அது அடித்து அடித்து ஓய்ந்தது. சாயங்காலம் வழக்கம்போல் "வேலையில் இருந்தேன், கடிதம் போடுங்கள்" என்று ஒரு வரி வந்தது. ஒரு வருடத்துக்கு மேலாக இப்படித்தான் நடக்கிறது. "அவ குரலக் கேட்டு எவ்வளவு நாளாச்சு தெரியுமா? அவளுக்கு என்மேல என்னடி கோபம்?" என்று அம்மா என்னைக் கேட்கிறாள். அப்பா ஒன்றும் கேட்பதில்லை. தண்ணீர் கேன் வண்டியை நிறுத்திவிட்டு வந்து உட்காருவார். போன் அடித்தால் மட்டும் சட்டென்று நிமிர்ந்து பார்ப்பார்.

எனக்கும் போனுக்கும் ஆகாது. நீ பேசிக்கொண்டிருந்த காலத்திலேயே, "இந்தா, அக்காகிட்டப் பேசு" என்று அம்மா நீட்டினால் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்கிற ஆள் நான். எனக்குக் கடிதமே வசதி. அம்மாவுக்கு அது போதவில்லை.

கடையில் வேலை நன்றாகப் போகிறது. ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டு இங்கே ஜன்னல் திரை தைக்க வந்தபோது எனக்கு ஊசியில் நூல் கோக்க மட்டும்தான் தெரியும். இப்போது விளிம்பு மடித்துத் தைக்க மாஸ்டர் என்னைத்தான் கூப்பிடுகிறார். அலமாரிமேல் இருக்கும் ரேடியோவில் மத்தியானம் புதிய ஹிந்திப் படப் பாட்டுகள் வரும். அந்த நேரத்துக்காகத்தான் காலையிலிருந்து காத்திருப்பேன். பாஷை புரியாது. 'தில்' என்றால் மனசு என்று மட்டும் தெரியும். அது எல்லாப் பாட்டிலும் வருகிறது அக்கா. ஒரு பாட்டில் அழுதுகொண்டே வருகிறது, அடுத்த பாட்டில் குதித்துக்கொண்டே வருகிறது. இவ்வளவு பாடு படுத்தும் மனசை வைத்துக்கொண்டு அவர்கள் எப்படித்தான் காலையில் எழுந்து வேலைக்குப் போகிறார்களோ!

ஒரே ஒரு குறை. பழைய பாட்டு என்றால் ஒரு திரையின் விளிம்பு முழுவதையும் தைத்துவிடலாம். இப்போது வருகிற பாட்டு பாதித் திரையிலேயே முடிந்துவிடுகிறது. மீதி பாதியை விளம்பரம் கேட்டுக்கொண்டே தைக்க வேண்டியிருக்கிறது.

நீ சினிமாத் தியேட்டரில் கூட்டிப் பெருக்கப் போனது என் அதிர்ஷ்டம். கடைசிப் பத்து நிமிடமாவது பார்க்கிறாயே! நீ முடிவை எழுது. நான் பாட்டுகளை வைத்துக்கொண்டு முன்கதையைக் கட்டிக்கொள்கிறேன்.

அம்மாவுக்காக ஒரே ஒரு தடவை போனை எடுத்துவிடு.

வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்,
சுண்டெலி

ஜனவரி 28

என் சுண்டெலிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். குளிருக்குக் காலில் இரண்டு ஜோடி உறை போட்டுக்கொள்கிறேன். நடக்கும்போது வாத்து மாதிரி இருக்கிறேனாம். அம்மாவின் முழங்காலை நான் விசாரித்ததாகச் சொல்.

போன் விஷயம். இங்கே வேலைக்குள் நுழையும்போதே போனை வாங்கிப் பெட்டியில் பூட்டிவிடுவார்கள். அறைக்கு வந்தால் கூடத் தங்கியிருப்பவர்களின் தூக்கம் கெடும். கோபம் எல்லாம் ஒன்றுமில்லை என்று அம்மாவிடம் சொல். நீ சொன்னால் நம்புவாள்.

இந்த வாரம் எங்கள் மூன்றாம் அரங்கில் ஓடிய ஹிந்திப் படத்தின் முடிவு இது. கதாநாயகன் சின்ன ஊரில் பல் டாக்டர். அவனும் அந்தப் பெண்ணும் ஒரு ரயில் நிலையத்தில் எதிரெதிர் நடைமேடையில் நிற்கிறார்கள். நடுவில் ரயில் வருகிறது. போகிறது. அவள் அங்கே இல்லை. அவன் திரும்புகிறான். அவள் இவன் நிற்கும் நடைமேடையிலேயே, படியேறி இறங்கி வந்த களைப்பில், இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவ்வளவுதான். அவள் மஞ்சள் ஸ்வெட்டர் போட்டிருந்தாள், ஒரு கையில் மட்டும் நூல் பிரிந்திருந்தது. கதவில் இருக்கும் சின்னக் கண்ணாடி வழியாக இதைத்தான் பார்க்க முடிந்தது.

இந்தப் புதுப் படங்களில் எனக்கு ஒரு சங்கடம். யாரும் வாயசைத்துப் பாடுவதே இல்லை. மழையில் நடக்கிறார்கள், காரில் போகிறார்கள், சும்மா ஜன்னலைப் பார்க்கிறார்கள். பாட்டு பின்னாலிருந்து எங்கிருந்தோ வருகிறதாம். கீழே ஓடும் வசன எழுத்து நின்றுபோனால் பாட்டு வந்துவிட்டது என்று தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

அதனால் நீ எனக்கு ஓர் உதவி செய். பாட்டு எப்படி இருக்கிறது என்று எழுது. உள்ளே நின்று கேட்க எங்களுக்கு ஏது நேரம்? எந்த வாத்தியம் முதலில் வருகிறது, எங்கே குரல் ஏறுகிறது, எங்கே மூச்சு வாங்குகிறார்கள், எல்லாம் எழுது. அவசரப்படாமல் எழுது.

உன்னை நினைத்துக்கொண்டிருக்கும்,
அக்கா

பிப்ரவரி 13

அன்புள்ள அக்காவுக்கு,

வாத்து நடையை நினைத்து நான் சிரித்ததில் மாஸ்டர் பயந்துவிட்டார். கடையில் நான் சிரித்து அவர் பார்த்ததில்லை. அம்மாவுக்கு முழங்கால் தேவலை. உனக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்.

பல் டாக்டர் படத்தின் பாட்டை இங்கே தினமும் போடுகிறார்கள். நீ கேட்டமாதிரி எழுதுகிறேன். முதலில் ஒரு கிடார், நாலே நாலு தட்டு, யாரோ கதவைத் தட்டலாமா வேண்டாமா என்று யோசிக்கிற மாதிரி. பிறகு ஆண் குரல். அந்தத் தொண்டையில் கொஞ்சம் மணல் இருக்கிறது. இரண்டாவது வரியில் குரல் மேலே போகும் என்று நாம் காத்திருப்போம், போகாது. மூன்றாவது வரியில், நாம் மறந்த சமயம் பார்த்து, மேலே போகும். அப்போது கட்டிங் மேஜைமேல் துணிக்கட்டைப் போட்டமாதிரி 'தொம்' என்று ஒரு சத்தம் அடியில் விழும். வயிற்றில் கேட்கிற சத்தம் அது.

இதே பாட்டை ஒரு பெண் மெதுவாகப் பாடி இன்னொன்றும் வருகிறது. இப்போதெல்லாம் எல்லாப் பாட்டுக்கும் இப்படி ஒரு தங்கச்சிப் பாட்டு உண்டு. ஆண் பாடினால் சந்தோஷம், பெண் பாடினால் பிரிவு. ஏன் அப்படி வைக்கிறார்களோ!

சில குரல்களை மிஷினில் போட்டு இஸ்திரி பண்ணிவிடுகிறார்கள். ஒரு சுருக்கம் இருக்காது. எனக்குச் சுருக்கம்தான் பிடிக்கும். பழைய பாட்டை எடுத்துப் புது அடி போட்டு விடுவதும் நடக்கிறது. மாஸ்டருக்கு அதைக் கேட்டாலே ஆகாது. "நல்ல திரைச்சீலையப் பிரிச்சு தலகாணி உறை தச்ச மாதிரி இருக்கு" என்கிறார். எனக்குத் தலையணை உறையும் பிடிக்கும் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

ஆனால் வேறொன்று சொன்னேன். எங்கள் கடையில் ஓர் அக்கா இருக்கிறாள், எல்லோரும் லவுட்ஸ்பீக்கர் என்று கூப்பிடுவோம். சாப்பாட்டு நேரத்தில் அவள், "ஏய் ஊமச்சி, எந்நேரமும் அந்தப் பாட்டையே கேக்குறியே, படம் என்ன கதைன்னாவது தெரியுமா?" என்று வம்புக்கு இழுத்தாள். எனக்குக் காது சுட்டது. எப்படியோ வாயைத் திறந்துவிட்டேன். ரயில், நடைமேடை, மஞ்சள் ஸ்வெட்டர், பிரிந்த நூல். முன்கதையை நானாகக் கட்டிவிட்டேன்; அவள் அவனிடம் பல் பிடுங்க வந்தவள் என்று. டப்பாவை மூட மறந்து எல்லோரும் கேட்டார்கள். "அடிப்பாவி, உனக்கு வாய் இருக்கா!" என்றாள் லவுட்ஸ்பீக்கர். எல்லாம் நீ எழுதியதால் வந்தது அக்கா. உனக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

அம்மா இன்னும் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் போடுகிறாள்.

உன்,
சுண்டெலி

மார்ச் 6

என் சுண்டெலிக்கு,

சுகமாக இருக்கிறேன். நீங்கள் மூவரும் அப்படியே இருக்க வேண்டும்.

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே. மூன்றாவது வரியில் மறந்த சமயம் பார்த்து மேலே போகிறது என்று எழுதினாயே, அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். இன்னும் எழுது. நான்தான் உனக்கு நன்றி சொல்ல வேண்டும்.

இந்த வாரப் படத்தில் கதாநாயகன் உளவாளி. கடைசியில் செத்துப்போகிறான். கொடி போர்த்துகிறார்கள், எல்லோரும் அழுகிறார்கள். அடுத்த நிமிடம் பெயர்கள் ஓடும்போது அவனே பளபள சட்டை போட்டுக்கொண்டு எழுந்து வந்து ஆடுகிறான், அழுத அம்மாவும் கூடவே ஆடுகிறாள். அந்த ஆட்டப் பாட்டில் முதல் தாள அடி விழுந்ததும் நாங்கள் உள்ளே போய் விளக்கைப் போட வேண்டும். அது இங்கே எழுதாத சட்டம். பெயர் ஓடுகிறதே என்று நம்பக் கூடாது. பெயருக்குப் பிறகும் ஒரு துண்டுக் கதை வைக்கிறார்கள். அடி விழுந்தால்தான் முடிந்தது என்று அர்த்தம்.

இவ்வளவு நாள் என்னோடு ஒரு கண்ணாடிக்காரி வேலை செய்தாள். அவள் போனால் பின்னாலேயே நானும் போவேன். அவளை இப்போது முதல் அரங்குக்கு மாற்றிவிட்டார்கள். மூன்றாம் அரங்குக்கு நான் மட்டும்தான். பழகிவிடும்.

அம்மாவுக்கு என் புகைப்படம் ஒன்று வைத்திருக்கிறேன். இளைக்கவில்லை, பார்க்கச் சொல்.

பாசத்துடன்,
அக்கா

மார்ச் 21

அன்புள்ள அக்காவுக்கு,

வீட்டில் எல்லோரும் நலம். புகைப்படம் வந்தது. அம்மா அதைக் கண்ணாடிச் சட்டத்தின் ஓரத்தில் செருகிவிட்டு, "படம் பேசுமாடி?" என்றாள். உன் கன்னம் கொஞ்சம் ஒட்டித்தான் இருக்கிறது.

செத்தவன் எழுந்து ஆடிய கதையைக் கடையில் சொன்னேன். "செத்தும் கெடுத்தானே பாவி, அழுத கண்ணீரைத் திருப்பிக் குடுப்பானா?" என்று லவுட்ஸ்பீக்கர் சண்டைக்கே வந்துவிட்டாள். எனக்கென்னவோ அது பிடித்திருக்கிறது. அழ வைத்த பிறகு வாசல் வரை வந்து வழியனுப்புகிற மாதிரி.

இப்போது ஒரு பாட்டு வந்திருக்கிறது அக்கா. படம் அடுத்த மாதம்தான் வரும்; பாட்டை முன்னாலேயே விட்டுவிட்டார்கள். பஸ் ஓட்டும் ஒரு பெண் தொலைந்துபோன தம்பியைத் தேடுகிற கதையாம். இதை எப்படி எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்தேன்.

வாத்தியமே இல்லை. ஒரு பெண் குரல் மட்டும். பெரிய பாடகி மாதிரிப் பாடவில்லை. பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டே, யாரும் கேட்கவில்லை என்று நினைத்து ஒருத்தி முணுமுணுப்பது மாதிரி. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அவள் மூச்சை இழுப்பது கேட்கிறது. அதை வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். அந்த மூச்சில்தான் பாதிப் பாட்டு இருக்கிறது. பாதி தாண்டிய பிறகு, எங்கோ தூரத்தில், மூடிய கதவுக்கு அடியில் வெளிச்சம் தெரிவது போல ஒரே ஒரு வயலின். அது கிட்டே வருவதற்குள் பாட்டு முடிந்துவிடுகிறது.

முதல் தடவை வந்தபோது ஒவ்வொரு தையல் மிஷினாக நின்றது. லவுட்ஸ்பீக்கர்கூட வாயை மூடிக்கொண்டாள். மாஸ்டர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

அந்தப் படம் உன் அரங்குக்கு வந்தால், இந்தப் பாட்டு எந்த இடத்தில் வருகிறது என்று மட்டும் பார்த்து எழுது. கெஞ்சிக் கேட்கிறேன்.

ஆவலுடன்,
சுண்டெலி

ஏப்ரல் 19

என் சுண்டெலிக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. சிரிப்பதற்கு ஒரு விஷயம் எழுதுகிறேன், படித்துவிட்டு அம்மாவிடம் சொல்லாதே.

உன் பஸ்காரி படம் வந்தது. முதல் நாள், கூட்டம் நிறைந்திருந்தது. நான் கதவுக் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றேன். அவள் பஸ்ஸை ஒரு சுரங்கப்பாதைக்குள் ஓட்டுகிறாள். பின் இருக்கையில் யாரோ உட்கார்ந்திருப்பது கண்ணாடியில் தெரிகிறது. தம்பியா, இல்லையா? பார்ப்பதற்குள் திரை கறுப்பாகிவிட்டது. கறுப்பாகவே இருந்தது. முகம் இல்லை, எழுத்து இல்லை, ஒன்றுமே இல்லை. புதுப் படங்களில் இப்படிப் பாதியில் முடிப்பார்களே, முடித்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று உள்ளே போய் எல்லா விளக்கையும் ஒரே தட்டில் போட்டேன்.

அரங்கம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எல்லா முகமும் நனைந்திருந்தது சுண்டெலி. பெரிய மீசைக்காரர் ஒருவர் கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தார். படத்தில் யாரும் வாயசைப்பதில்லை என்று குறைபட்டேனே, அன்றைக்கு அரங்கமே என்னைப் பார்த்து வாயசைத்தது! நான் துடைப்பத்தோடு அப்படியே நின்றேன். கண்ணாடிக்காரி ஓடி வந்துதான் விளக்கை அணைத்தாள்.

புகார் மேலே போயிருக்கிறது. கூப்பிட்டு விசாரிப்பார்களாம். வேலை இருக்குமா என்று தெரியவில்லை. போனால் வேறு தேடிக்கொள்ளலாம்.

நீ கேட்ட பாட்டு எங்கே வருகிறது என்று தெரியவில்லை. நான் பார்த்த பகுதியில் பாட்டு இல்லை. சத்தமே இல்லாத இடம் அது. மன்னித்துக்கொள்.

அக்கா

ஏப்ரல் 29

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீ நலமாக இருக்கிறாயா என்று இந்தத் தடவை உண்மையாகவே கேட்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்து நான் சிரித்தேன். மறுநாள் லவுட்ஸ்பீக்கர் வீட்டுக்காரரோடு அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். "ஏண்டி, அந்தப் பாட்டு எங்க வருது தெரியுமா? சுரங்கத்துக்குள்ள பஸ் போனதும் எல்லாம் கும்மிருட்டு. அந்த இருட்டுல அவ குரல் மட்டும். எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துப்போச்சு. பாட்டு முடியுறப்பதான் வெளிச்சம் வருது, அப்பதான் அந்தப் பையன் முகத்தக் காட்டுறான்" என்றாள்.

அக்கா, அரங்கம் முழுவதும் அந்தக் குரல் நிறைந்திருந்தபோதுதான் நீ உள்ளே போனாய். நீ அதைச் சத்தமே இல்லாத இடம் என்று எழுதியிருக்கிறாய்.

உனக்குக் காது கேட்கவில்லையா?

போனை எடுக்காததும் அதனால்தானா? பாட்டை எழுது எழுது என்று கேட்டதும்?

அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. உன்னிடம் கேட்காமல் யாரிடமும் சொல்ல மாட்டேன்.

சுண்டெலி

ஜூன் 5

அன்புள்ள அக்காவுக்கு,

வீட்டில் சுகம். அம்மா புகைப்படத்தைத் தினமும் துடைக்கிறாள். ஒரு மாதம் தாண்டியும் உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. உன் வேலை இருக்கிறதா, விசாரித்தார்களா என்று தெரியாமல் கை வேலையில் நிற்கவில்லை. போன வாரம் ஒரு திரையைத் தலைகீழாகத் தைத்துவிட்டேன். பூவெல்லாம் தரையைப் பார்த்துப் பூத்திருந்தது.

கேட்டிருக்கக் கூடாதோ என்று சில நாள் தோன்றுகிறது. இனி கேட்க மாட்டேன். நீ சொல்ல வேண்டும் என்றும் இல்லை. பாட்டு மட்டும் எழுதுகிறேன்.

இப்போது ஓடுவது ஒரு கார்ப் பாட்டு. புறப்படும்போதே எண்பதில் புறப்படுகிறது. நடுவில் வாடகைக்கு வந்தவன் போல ஒருத்தன் புகுந்து, மூச்சே விடாமல் என்னவோ சண்டை போட்டுவிட்டுப் போகிறான். அவன் போனதும் பெண்கள் கூட்டமாக 'ஓ ஓ' என்று சொல்கிறார்கள், அவன் போய்விட்டான் என்ற சந்தோஷத்தில் சொல்வது போலத்தான் எனக்குக் கேட்கிறது. அடி என்றால் அப்படி ஓர் அடி. ரேடியோவே அலமாரியில் நகர்ந்து நகர்ந்து ஓரத்துக்கு வந்துவிட்டது. மாஸ்டர் கடைசி நொடியில் பிடித்தார். நல்ல பாட்டு இல்லை. ஆனால் இதைக் கேட்டுக்கொண்டே தைத்தால் விளிம்பு நேராக வருகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீ போன பிறகு நான் யாரோடும் பேசாமல் இருந்தேன். பள்ளியை விட்ட வெட்கம் ஒரு பக்கம், யார் என்ன நினைப்பார்களோ என்ற பயம் ஒரு பக்கம். இப்போது சாப்பாட்டு நேரத்தில் எனக்காக இடம் பிடித்து வைக்கிறார்கள். "ஊமச்சி" என்று யாரும் கூப்பிடுவதில்லை. "கதைக்காரி" என்கிறார்கள். நீ கதவுக் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்துப் பார்த்து அனுப்பியதை வைத்துத்தான் நான் பேசக் கற்றேன். நீ கேட்டாலும் கேட்காவிட்டாலும் எனக்கு நீ வேண்டும்.

உன்,
சுண்டெலி

ஜூன் 23

என் சுண்டெலிக்கு,

நான் சுகம். இது சமாளிக்கிற சுகம் இல்லை, உண்மையான சுகம்.

ஆமாம். கேட்கவில்லை.

இங்கே வந்த முதல் வருடம் ஒரு காய்ச்சல் வந்தது. அது போகும்போது இடது காதைக் கொண்டுபோய்விட்டது. பிறகு வலது காதும் கொஞ்சம் கொஞ்சமாக. பக்கத்தில் நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வேன். போனில் உதடு இல்லை. வீட்டுக்குத் தெரிந்தால் உடனே திரும்பி வா என்பீர்கள். இங்கே தெரிந்தால் நாளையிலிருந்து வராதே என்பார்கள். இரண்டுக்கும் பயந்துதான் வாயை மூடிக்கொண்டேன்.

உன் கேள்வியைப் படித்ததும் கடிதத்தை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டேன். பதில் எழுத உட்கார்ந்தால் கை வரவில்லை. கார்ப் பாட்டு வந்த பிறகுதான் வந்தது. ரேடியோ நகர்ந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். அறையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று எழுதியே காட்டிவிட்டேன். சூப்பர்வைசர் அதைப் படித்துவிட்டு, நான் உதட்டைப் பார்க்க வசதியாக முகத்தை நேரே திருப்பி, "இது எங்களுக்குத் தெரியாதா?" என்றார். சுண்டெலி, எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது! அடி விழும்போதெல்லாம் கண்ணாடிக்காரி என் தோளில் தட்டிவிட்டுத்தான் உள்ளே போவாள். அது அவள் பழக்கம் என்று நினைத்தேன். எனக்காகத் தட்டியிருக்கிறாள். அவளை மாற்றியது புதிதாக வந்த மேனேஜர். அவர் ஒருவருக்குத்தான் தெரியாது. "சொல்லித் தொலைச்சிருந்தா மாத்தியிருக்க மாட்டேனே" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். அவளைத் திரும்ப என்னோடு போட்டுவிட்டார்கள். வேலை இருக்கிறது. விளக்கை மட்டும் இனி அவள்தான் போடுவாள்.

காது ஆஸ்பத்திரிக்கும் அவளே கூட்டிக்கொண்டு போனாள். வலது காதுக்கு மிஷின் வைத்தால் பேச்சு கேட்குமாம். அடுத்த வாரம் தருகிறார்கள்.

அம்மாவிடம் நீயே சொல். நீதான் கதைக்காரி ஆயிற்றே.

இந்த ஒரு வருடத்தில் நான் கேட்ட பாட்டு எல்லாம் நீ எழுதியவைதான். அதற்கு நன்றி என்று ஒரு வார்த்தை போதாது. ஆனாலும் நன்றி.

அக்கா

ஜூலை 7

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலியே மறந்துபோனது.

சொல்லிவிட்டேன். முதலில் படத்தின் கதையைச் சொன்னேன். சுரங்கம், இருட்டு, பாட்டு. பிறகு விளக்கைப் போட்டது யார் என்று சொன்னேன். அம்மா கண்ணாடிச் சட்டத்திலிருந்து உன் புகைப்படத்தை உருவி எடுத்தாள். அப்புறம், "அப்ப எம்மேல கோபமில்லையா?" என்றாள். இல்லை என்றேன். "காது கேக்கலன்னு சொல்றதுக்கு என்னடி வெக்கம், லூசு! நான் பாட்டுக்குக் கோபம்னு நெனச்சு ராத்திரியெல்லாம் பொலம்பிட்டுக் கெடந்தேன்" என்று உன்னைத் திட்டினாள். திட்டிக்கொண்டே அழுதாள். அப்பா எழுந்து போய் வண்டியைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த வண்டி.

மிஷின் வந்ததும் ஒரு வரி அனுப்பு. ஞாயிறு காலை போன் போடுகிறோம். அம்மா இப்போதே என்னென்ன பேச வேண்டும் என்று ஒத்திகை பார்க்கிறாள். கண்ணாடிக்கார அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல். அவர் வீட்டு ஜன்னல் அளவை அனுப்பினால் திரை தைத்து அனுப்புவேன். மாஸ்டரிடம் துணி கேட்டுவிட்டேன். நான் கேட்டேன், வாயால்!

எனக்குப் போனை நீட்டினால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை.

உன்,
சுண்டெலி

ஜூலை 29

என் சுண்டெலிக்கு,

இங்கே நானும் என் வலது காதும் சுகம்.

முதலில் பாட்டு விஷயம். மிஷினை வைத்துக்கொண்டு மூன்றாம் அரங்கில் கடைசிப் பாட்டுக்கு நின்றேன். தகர டப்பாவுக்குள் ஆணியைப் போட்டுக் குலுக்கினது மாதிரி இருந்தது. கண்ணாடிக்காரி, "எப்படி?" என்று ஆசையாகக் கேட்டாள். "இதுக்கா அந்த மீசைக்காரர் அழுதாரு?" என்றேன். டாக்டரைக் கேட்டால், இது பேச்சுக்காகச் செய்தது, பாட்டுக்கு அவ்வளவாக ஒத்துவராது, போகப் போகக் கொஞ்சம் பழகும் என்கிறார். அதனால் பாட்டுகள் இன்னும் உன் கையால்தான் வர வேண்டும். எழுதுவதை நிறுத்திவிடாதே.

ஞாயிற்றுக்கிழமை. அம்மா அவ்வளவு கத்தியிருக்க வேண்டாம். மிஷின் இல்லாமலே கேட்டிருக்கும். அவள் என்னைத் திட்டத் திட்ட எனக்கு மனசு குளிர்ந்தது. அப்பா, "ம்" என்றார். பிறகு இன்னொரு "ம்". அப்புறம் போன் கை மாறியது. பின்னாலிருந்து அம்மா, "பேசேண்டி! வாயில ஊசியக் கடிச்சிட்டிருக்கியா?" என்றாள். ஒரு மூச்சு கேட்டது. பிறகு நீ, "அக்கா" என்றாய்.

"கேக்குது" என்றேன்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். நான் வீட்டை விட்டு வரும்போது நீ பள்ளிக்கூடத்துப் பெண். குச்சி மாதிரி, கீச்சென்ற குரல். நீ எழுதிய எல்லாவற்றையும் இவ்வளவு நாள் அந்தக் குரலில்தான் படித்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை கேட்டது வேறு குரல். கொஞ்சம் தாழ்ந்து, நிதானமாக, தொண்டையில் லேசாக மணலோடு. எனக்குத் தெரியாமலே நீ வளர்ந்துவிட்டாய்.

உன் கடிதங்களை எல்லாம் வெளியே எடுத்து வைத்திருக்கிறேன். முதலிலிருந்து மறுபடி படிக்கப்போகிறேன், உன் புதுக் குரலில்.

உன்,
அக்கா